லோக்கல் சர்வரை லோக்கலாகவே வைத்திருப்பது எப்படி?

கேள்வி இதுதான்: விண்டோஸ் லேப்டாப்பில் ஸாம்ப் (அப்பாச்சி வெப் சர்வர், பிஹெச்பி, டேட்டாபேஸ் எல்லாம் ஒன்றாக வரும் தொகுப்பு) நிறுவி, எழுதிய பிஹெச்பி பக்கங்களைச் சோதித்துப் பார்க்கிறீர்கள். விடுதி வைஃபையில் இருந்தபோது அறை நண்பர் தன் போனில் உங்கள் ஐபி முகவரியை அடித்திருக்கிறார், பக்கம் அப்படியே திறந்துவிட்டது. லோக்கல் சர்வர் எப்படி வெளியே தெரிந்தது, பாஸ்வேர்டு போட்டால் போதுமா என்று கேட்கிறீர்கள்.

பாஸ்வேர்டு இரண்டாம் பட்சம். சர்வர் எந்த முகவரியில் காத்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அதைச் சரிசெய்தாலே பாதிக்கு மேல் வேலை முடிந்துவிடும். மீதி ஆபத்து, பலரும் யோசிக்காத இடத்திலிருந்து வருகிறது: நீங்கள் தினமும் பயன்படுத்தும் பிரவுசர்.

அதற்கு முன், சர்வர் வேண்டுமா என்ற கேள்வியை முடித்துவிடுவோம். கோப்பை இரட்டைச் சொடுக்கித் திறந்தால் ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல்கள் ஏறாது. பக்கத்திலேயே இருக்கும் ஜேசன் கோப்பை ஃபெட்ச் மூலம் படிக்க முடியாது. சாய்கோட்டில் ஆரம்பிக்கும் படப் பாதைகள் டிரைவின் தொடக்கத்துக்குப் போய்த் தேடும். ஃபயர்பாக்ஸ் 2019-ல் வந்த 68-ஆம் பதிப்பிலிருந்து, ஒரே ஃபோல்டரில் இருக்கும் இரண்டு கோப்புகளைக்கூட வெவ்வேறு தளங்களாகத்தான் நடத்துகிறது. பிஹெச்பி ஓடவே ஓடாது. ஆக, சர்வர் வேண்டும். ஆனால் எல்லோருக்கும் ஸாம்ப் வேண்டியதில்லை. வெறும் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் என்றால் பைத்தானோடு வரும் சின்ன சர்வர் போதும். பிஹெச்பி மட்டும் என்றால், 2012-ல் வந்த 5.4 பதிப்பிலிருந்தே பிஹெச்பிக்குள் சோதனைக்கென ஒரு சர்வர் இருக்கிறது. டேட்டாபேஸும் சேர்ந்து வேண்டும் என்றால்தான் ஸாம்ப். எவ்வளவு குறைவாக நிறுவுகிறீர்களோ அவ்வளவு குறைவாகக் காவல் காத்தால் போதும்.

பைத்தான் சர்வரைப் பற்றி ஒரு வார்த்தை. சும்மா ஓடவிட்டால் அது 8000-ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது கணினிக்குள் ஒரு சேவைக்கான வாசல் எண்) கணினியின் எல்லா முகவரிகளிலும் காத்திருக்கும். எந்த ஃபோல்டரில் நின்று கட்டளை கொடுத்தீர்களோ அதன் பட்டியலை, புள்ளியில் ஆரம்பிக்கும் மறைவுக் கோப்புகள் உட்பட, கேட்டவருக்கெல்லாம் காட்டும். ஹோம் ஃபோல்டரில் நின்று ஓடவிட்டால் வேறு கணினிகளுக்குள் நுழைய வைத்திருக்கும் எஸ்எஸ்ஹெச் சாவிகள்கூட அந்தப் பட்டியலில் வந்து நிற்கும். கட்டளையோடு பைண்ட் என்ற தெரிவைச் சேர்த்து 127.0.0.1 என்று கொடுங்கள், அவ்வளவுதான். பிஹெச்பியின் சர்வரில் முகவரியை நீங்களே எழுதியாக வேண்டும் என்பதால், லோக்கல்ஹோஸ்ட் (இந்தக் கணினியையே குறிக்கும் பெயர்) என்று எழுதினால் பிரச்சினை இல்லை. போனிலும் பார்க்க வேண்டும் என்று யாரோ சொன்ன யோசனையைக் கேட்டு 0.0.0.0 என்று எழுதும்போதுதான் வம்பு.

சரி, இந்த இரண்டு முகவரிகளுக்கும் என்ன வித்தியாசம்? 127-இல் தொடங்கும் முகவரிகள் அனைத்தும் லூப்பேக். அங்கே போகும் செய்தி நெட்வொர்க் கார்டைத் தொடாமல் கணினிக்குள்ளேயே சுற்றித் திரும்பும். 0.0.0.0 என்றால் இருக்கிற எல்லா முகவரிகளிலும் கேள் என்று பொருள்: வைஃபை, ஈதர்நெட், ஹாட்ஸ்பாட், விபிஎன் எல்லாம் அதில் அடக்கம். வீட்டுக்குள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும் கதவும், தெருவைப் பார்த்த வாசலும் ஒரே மாதிரித் தெரிவதுதான் இங்கே சிக்கல். உங்கள் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தால் இரண்டு அமைப்பிலும் பக்கம் வரும். அதனால், வாசல் திறந்து கிடப்பது உங்கள் இருக்கையிலிருந்து பார்த்தால் தெரியாது.

ஸாம்பில் வரும் அப்பாச்சியின் அமைப்புக் கோப்பில் லிசன் 80 என்று ஒரு வரி இருக்கும். முகவரி எதுவும் சொல்லாமல் போர்ட் எண்ணை மட்டும் கொடுத்தால் அப்பாச்சி எல்லா முகவரிகளையும் எடுத்துக்கொள்ளும். உங்கள் நண்பருக்குப் பக்கம் திறந்த காரணம் இந்த ஒரு வரிதான். ஸாம்பின் கன்ட்ரோல் பேனலில் அப்பாச்சி வரிசையில் உள்ள கான்ஃபிக் பட்டனை அழுத்தி, ஹெச்டிடிபிடி.கான்ஃப் கோப்பைத் திறந்து, அதை லிசன் 127.0.0.1:80 என்று மாற்றுங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். எஸ்எஸ்எல்லுக்கான, அதாவது ஹெச்டிடிபிஎஸ் இணைப்புக்கான, தனிக் கோப்பில் லிசன் 443 என்று இன்னொரு வரி உண்டு. பெரும்பாலோர் இதை விட்டுவிடுகிறார்கள், அப்புறம் 80 மூடியிருக்க 443 வழியாக அதே பக்கம் போய்க்கொண்டிருக்கும். புதிய வகை ஐபி முகவரியான ஐபிவி6 பக்கமும் பதில் வர வேண்டுமானால் சதுர அடைப்புக்குள் அதன் லூப்பேக் முகவரியான ::1 போட்டு இன்னொரு லிசன் வரி சேர்க்கலாம். சில நிரல்கள் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரை முதலில் ஐபிவி6 முகவரியாகவே எடுத்துக்கொள்ளும், அப்போது இணைப்பு மறுக்கப்பட்டது என்ற பிழை வந்து குழப்பும்.

டேட்டாபேஸையும் மறக்காதீர்கள். ஸாம்போடு வரும் டேட்டாபேஸான மரியாடிபி 3306-ஆம் போர்ட்டில் இருக்கும். மை.இனி கோப்பில் பைண்ட்-அட்ரஸ் என்ற வரியில் 127.0.0.1 என்று இருக்க வேண்டும். அந்த வரிக்கு முன்னால் # இருந்தால் அது செயல்படவில்லை என்று அர்த்தம், நீக்கிவிடுங்கள்.

இரண்டையும் நிறுத்தித் திரும்பத் தொடங்கிய பிறகு, கமாண்ட் பிராம்ப்டில் நெட்ஸ்டாட் கட்டளையை -ஏஎன்ஓ தெரிவோடு ஓட்டிப் பாருங்கள். லிசனிங் என்று காட்டும் வரிகளில் 80, 443, 3306 எங்கே இருக்கின்றன என்று தேடுங்கள். இடதுபக்கம் 127.0.0.1 என்று இருந்தால் நல்லது, 0.0.0.0 என்று இருந்தால் ஏதோ ஒரு கோப்பு இன்னும் மாறவில்லை. லினக்ஸில் இதே வேலைக்கு எஸ்எஸ் என்ற கட்டளை. கடைசியாக நண்பரின் போனை வாங்கி அதே முகவரியை அடித்துப் பாருங்கள். அமைப்புக் கோப்பு என்ன சொல்கிறது என்பதைவிட இந்தச் சோதனையைத்தான் நான் நம்புவேன்.

இப்போது பாஸ்வேர்டு. ஸாம்பைத் தருகிற அப்பாச்சி ஃப்ரெண்ட்ஸ் குழுவே இது சோதனைக்கு மட்டும், நேரடி இணையத்துக்கு அல்ல என்று வெளிப்படையாகச் சொல்கிறது. டேட்டாபேஸில் முழு அதிகாரம் உள்ள ரூட் கணக்குக்குப் பாஸ்வேர்டே கிடையாது. டேட்டாபேஸைப் பிரவுசரிலேயே நிர்வகிக்க உதவும் பிஹெச்பிமைஅட்மின் அந்த வெற்றுப் பாஸ்வேர்டோடு தானாகவே உள்ளே நுழைந்து நிற்கும். இதை ஈடுகட்டத்தான், பிஹெச்பிமைஅட்மின் ஃபோல்டருக்கு மட்டும் ரெக்வயர் லோக்கல் என்ற நிபந்தனையைப் போட்டிருக்கிறார்கள், அதாவது இந்தக் கணினியிலிருந்து வந்தால் மட்டும் திற. வேறு கணினியிலிருந்து திறக்கும்போது 403 (அனுமதி இல்லை) பிழை வருகிறது என்று யாராவது கேட்டால், அந்த வரியை ரெக்வயர் ஆல் கிராண்டட் என்று மாற்று என்ற பதில் இணையம் முழுக்கக் கிடைக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இருக்கிற ஒரே பூட்டைக் கழற்றி எறிகிற யோசனை அது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிஹெச்பிமைஅட்மினுக்குள் ரூட்டாக நுழைந்தவர் டேபிள்களை மட்டும் பார்த்துவிட்டுப் போவார் என்பது தப்புக் கணக்கு. செலக்ட் கட்டளையின் விடையை ஒரு கோப்பாக எழுத எஸ்கியூஎல்லில் வழி இருக்கிறது. நான்கு வரி பிஹெச்பியை அப்படி, அப்பாச்சி பக்கங்களை எடுத்துக் காட்டும் ஹெச்டிடாக்ஸ் ஃபோல்டருக்குள் எழுதி, அடுத்த நொடி பிரவுசரில் அதைத் திறந்தால், உங்கள் கணினியில் அவர் விரும்பிய கட்டளை ஓடும். கன்ட்ரோல் பேனலிலிருந்து அப்பாச்சியைத் தொடங்கியிருந்தால் அது உங்கள் விண்டோஸ் கணக்கின் உரிமையோடு ஓடுகிறது. உங்கள் ஆவணங்கள், பிரவுசர் தரவு எல்லாம் அந்த உரிமைக்குள்தான். சர்வீஸாக நிறுவியிருந்தால் நிலைமை இன்னும் மோசம், வழக்கமாக அது முழுக் கணினியையும் ஆளும் சிஸ்டம் கணக்கில் ஓடும். எனவே ரூட்டுக்குப் பாஸ்வேர்டு வையுங்கள். வைத்ததும் பிஹெச்பிமைஅட்மின் உள்ளே போகாமல் முறைக்கும். அதன் கான்ஃபிக் கோப்பில் ஆத்-டைப் என்ற இடத்தில் கான்ஃபிக் என்று இருப்பதைக் குக்கி என்று மாற்றினால் ஒவ்வொரு முறையும் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். பாஸ்வேர்டை அந்தக் கோப்பிலேயே எழுதிவைக்கும் சுலப வழியும் உண்டு. அப்படிச் செய்தால் எதற்காகப் பாஸ்வேர்டு வைத்தோம் என்பதே போய்விடும்.

ஃபயர்வாலைப் பொறுத்தவரை, முதல் முறை அப்பாச்சி ஓடும்போது விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டி அனுமதி கேட்கும். யோசிக்காமல் அனுமதித்திருப்போம், அந்த விதி அப்படியே தங்கிவிடும். இன்பவுண்ட் விதிகளில் அப்பாச்சி பெயரில் இருப்பவற்றை நீக்குங்கள் அல்லது தடுக்கும்படி மாற்றுங்கள். லூப்பேக் போக்குவரத்துக்கு அந்த அனுமதி தேவையே இல்லை. விடுதி, காபிக் கடை போன்ற வைஃபைகளைப் பப்ளிக் என்றே விண்டோஸில் வையுங்கள். லினக்ஸில் டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 8080:80 என்று போர்ட்டைத் திறந்துவிட்டால் டாக்கர் தனக்கான விதிகளை நேரே லினக்ஸின் அடிப்படை ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் எழுதிக்கொள்கிறது. அதை எளிதாகக் கையாள உதவும் யூஎஃப்டபிள்யூவில் எல்லாம் மூடியிருப்பதாகக் காட்டும், போர்ட் மட்டும் திறந்தே கிடக்கும். 127.0.0.1:8080:80 என்று முகவரியோடு எழுதுவதுதான் அதற்கு மருந்து.

இதுவரை சொன்னது வெளியாள் நேராக வந்து தட்டுவதைத் தடுக்கும். ஆனால் உங்கள் பிரவுசர் உங்கள் கணினிக்குள்தான் இருக்கிறது, அது திறக்கும் எந்த இணையப் பக்கமும் லோக்கல்ஹோஸ்டுக்கு ஒரு கோரிக்கையை அனுப்பிப் பார்க்க முடியும் (குரோமின் புதிய பதிப்புகள் இதற்கு முதலில் உங்களிடம் அனுமதி கேட்கின்றன). சாதாரணமாக அந்தப் பதிலை அவர்களால் படிக்க முடியாது, பிரவுசர் தடுத்துவிடும். ஆனால் கோரிக்கை போய்ச் சேர்ந்துவிடுகிறதே? சோதனைப் பக்கத்தில் ஒரு லிங்க்கைத் திறந்தாலே பதிவு அழிந்துவிடும்படி எழுதியிருந்தால், எங்கோ ஒரு தளத்தில் இருக்கும் படக் குறியீடு அதைத் திறந்துவிடலாம். 2019 ஜூலையில் ஜூம் விவகாரம் இப்படித்தான் வெடித்தது. மேக் கணினிகளில் ஜூம் சத்தமில்லாமல் ஒரு லோக்கல் வெப் சர்வரை வைத்திருந்தது. ஏதாவது ஓர் இணையப் பக்கம் அதைத் தொட்டாலே, அந்தக் கணினியில் இருப்பவரைக் கேமராவோடு மீட்டிங்கில் சேர்த்துவிட முடிந்தது. ஆப்பிளே அந்த சர்வரை நீக்கும் அப்டேட்டை அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த சர்வர் லோக்கலாகத்தான் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

பதிலைப் படிக்கவும் ஒரு வழி இருக்கிறது. தாக்குபவர் தன் டொமைனுக்கு முதலில் தன் சர்வரின் முகவரியைக் கொடுப்பார். பக்கம் ஏறியதும் அதே பெயருக்கு 127.0.0.1 என்று மாற்றிச் சொல்வார். பிரவுசரைப் பொறுத்தவரை பெயர் மாறவில்லை, ஆகவே அதே தளம், படிக்கலாம். டிஎன்எஸ் ரீபைண்டிங் என்பது இதுதான். இதில் அவரால் மறைக்க முடியாத ஒன்று, கோரிக்கையில் வரும் ஹோஸ்ட் பெயர். அது அவருடைய டொமைனாகவே இருக்கும். எனவே தெரியாத ஹோஸ்ட் பெயரோடு வருவதையெல்லாம் மறுத்துவிட்டால் போதும்.

அப்பாச்சியில் இதற்கு அழகான வழி உண்டு. ஒவ்வொரு தளப் பெயருக்கும் தனியாக எழுதும் அமைப்புப் பகுதிதான் விர்ச்சுவல் ஹோஸ்ட். அவற்றில் முதலில் எழுதப்பட்டதுதான், வேறு எதற்கும் பொருந்தாத கோரிக்கைகளுக்கெல்லாம் பதில் சொல்லும். ஆகவே முதல் விர்ச்சுவல் ஹோஸ்டில் லொகேஷன் பகுதி ஒன்று போட்டு, சாய்கோட்டுக்கு (/), அதாவது தளம் முழுவதற்கும், ரெக்வயர் ஆல் டினைட் என்று எழுதுங்கள். இரண்டாவதில் சர்வர்நேம் லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்து ஹெச்டிடாக்ஸைச் சுட்டுங்கள். 127.0.0.1 என்று எண்ணாகவும் அடிப்பீர்கள் என்றால் அதைச் சர்வர்அலியாஸாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். எட்டுப் பத்து வரி வேலை. ஜாவாஸ்கிரிப்ட் தளங்களை உருவாக்கப் பயன்படும் வைட் போன்ற கருவிகளும் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டன. 2025 ஜனவரியில் அதன் சோதனை சர்வரில் இதே வகை ஓட்டை வெளியானதும், அனுமதித்த ஹோஸ்ட்களை மட்டும் ஏற்கும் சோதனையைச் சேர்த்தார்கள். அந்தச் சோதனை தொல்லை தருகிறது என்று அதை மொத்தமாக அணைத்துவிடச் சொல்லும் பதில்களும் கூடவே முளைத்துவிட்டன, பிஹெச்பிமைஅட்மின் கதைதான் திரும்பவும்.

பெயர்களைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. இரண்டு ப்ராஜெக்டுகளை 3000-லும் 8000-லும் வைத்துக்கொண்டு அவை தனித்தனி என்று நினைக்காதீர்கள். குக்கிகளுக்குப் போர்ட் வித்தியாசம் தெரியாது, ஒன்றின் லாகின் குக்கி இன்னொன்றுக்கும் போகும். தனித்தனிப் பெயர் வையுங்கள். ஷாப்.லோக்கல்ஹோஸ்ட் என்பது போல லோக்கல்ஹோஸ்டில் முடியும் பெயர்களைக் குரோமும் ஃபயர்பாக்ஸும் தாங்களாகவே லூப்பேக்குக்கு அனுப்பிவிடும். வேறு பெயர் வேண்டுமானால் டாட் டெஸ்ட் என்று முடியட்டும், 1999-லேயே சோதனைக்கென ஒதுக்கப்பட்ட முடிவு அது, யாருக்கும் விற்கப்படாது. கணினியில் பெயர்களுக்கு முகவரி சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.0.1 என்று எழுதி அதை இணைத்தால் சரி. டாட் டெவ் வேண்டாம். அது கூகுளின் உண்மையான டொமைன், 2017 இறுதியில் வந்த குரோம் 63 அதற்கு ஹெச்டிடிபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கியபோது ஏராளமானவர்களின் லோக்கல் தளங்கள் ஒரே நாளில் திறக்காமல் போயின.

அந்த ஹெச்டிடிபிஎஸ் உங்களுக்கு வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். லோக்கல்ஹோஸ்டைப் பிரவுசர்கள் நம்பகமான இடமாகவே எடுத்துக்கொள்வதால், சர்வீஸ் வொர்க்கர் (பக்கத்தின் பின்னணியில் ஓடும் நிரல்), இருப்பிடம், கேமரா எல்லாம் சாதாரண ஹெச்டிடிபியிலேயே வேலை செய்யும். டாட் டெஸ்ட் பெயர்களுக்கு அந்தச் சலுகை இல்லை, அப்போது எம்கேசர்ட் என்ற இலவசக் கருவி உதவும். உங்கள் கணினிக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு சான்றளிக்கும் அமைப்பை உருவாக்கி, அதை வைத்துச் சான்றிதழ் தரும். அந்த அமைப்பின் தனிச்சாவிக் கோப்பை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள், குறியீட்டின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட்டில் ஏற்றாதீர்கள், கூட வேலை செய்பவருக்கும் அனுப்பாதீர்கள். அது கையில் இருந்தால் எந்த வங்கித் தளத்தின் பெயரிலும் உங்கள் பிரவுசர் நம்பும் சான்றிதழை எழுதலாம். லெனோவா லேப்டாப்களில் வந்து 2015-ல் அம்பலமான சூப்பர்ஃபிஷ் மென்பொருள் எல்லாக் கணினியிலும் ஒரே சாவியைப் போட்டிருந்தது, அதைப் பிரித்தெடுக்க ஆராய்ச்சியாளர்களுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

போனில் எப்படித் தெரிகிறது என்று பார்க்கத்தானே எல்லோரும் 0.0.0.0-க்குப் போகிறார்கள்? ஆண்ட்ராய்டு என்றால் அவசியமே இல்லை. யூஎஸ்பி டிபக்கிங்கை இயக்கி, போனைக் கேபிளில் மாட்டி, கணினிக் குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்தில் போர்ட் ஃபார்வர்டிங் கொடுங்கள். போனின் 8080-ஐ லோக்கல்ஹோஸ்ட்:80-க்குத் திருப்பினால், போனில் லோக்கல்ஹோஸ்ட்:8080 என்று அடித்ததும் உங்கள் பக்கம் வரும். வைஃபையில் எதையும் திறக்கவில்லை, பெயர் லோக்கல்ஹோஸ்ட் என்பதால் மேலே சொன்ன சலுகையும் போனில் கிடைக்கும். ஐபோனுக்கு இப்படி ஒரு வழி கிடையாது. வீட்டு வைஃபையில் மட்டும், பார்க்கிற நேரத்துக்கு மட்டும், லேப்டாப்பின் வைஃபை முகவரியோடு இன்னொரு லிசன் வரி சேர்த்து, அந்த முகவரியையே சர்வர்அலியாஸாகவும் போட்டு, ஃபயர்வாலிலும் அப்பாச்சியை அனுமதித்து, முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

வெளியூரில் இருக்கும் வாடிக்கையாளருக்குக் காட்ட லோக்கல் சர்வரை இணையத்தோடு இணைக்கும் என்கிராக் போன்ற சுரங்க வழியைப் பயன்படுத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சுரங்கத்தின் இந்தப் பக்க முனை உங்கள் கணினியில்தான் ஓடுகிறது. ஆகவே உலகத்தின் எந்த மூலையிலிருந்து வருகிறவரும் அப்பாச்சிக்கு 127.0.0.1-இலிருந்து வருகிறவராகவே தெரிவார். ரெக்வயர் லோக்கல் அவரை உள்ளே விட்டுவிடும், பிஹெச்பிமைஅட்மின் உட்பட. சுரங்கத்தின் பெயருக்கென்று தனி விர்ச்சுவல் ஹோஸ்ட் போட்டு, அதில் காட்ட வேண்டிய ஃபோல்டரை மட்டும் வைத்து, பிஹெச்பிமைஅட்மின் பாதையை அங்கே மறுத்து, சுரங்கக் கருவியிலேயே பெயர், பாஸ்வேர்டு கேட்கவும் வையுங்கள். மூன்றும் வேண்டும்.

மிச்சம் இருப்பது ஃபோல்டருக்குள் என்ன இருக்கிறது என்பது. ப்ராஜெக்ட் முழுவதையும் ஹெச்டிடாக்ஸில் கொட்டாதீர்கள். பப்ளிக் என்று ஓர் உள் ஃபோல்டர் வைத்து டாக்குமென்ட் ரூட் அதைச் சுட்டட்டும். பாஸ்வேர்டுகளை எழுதிவைக்கும் டாட் என்வ் கோப்பு, கிட் ஃபோல்டர், டேட்டாபேஸ் பேக்கப் எல்லாம் அதற்கு வெளியே. கிட் ஃபோல்டர் வெளியே தெரிந்தால் பழைய பதிப்புகள் உட்பட முழு மூலக் குறியீட்டையும், என்றோ எழுதி அழித்த பாஸ்வேர்டுகளையும் சேர்த்து இறக்கிக்கொள்ளலாம். அதோடு இப்போதே பழகினால், பின்னால் உண்மையான சர்வருக்கு ஏற்றும்போது இதே அமைப்பு அப்படியே பொருந்தும். ஏற்றும்போது இன்னும் இரண்டு விஷயம் கடிக்கும்: விண்டோஸ் கோப்புப் பெயர்களில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். தமிழ்ப் பக்கங்களில் யூடிஎஃப்-8 என்று மெட்டா குறியீட்டில் எழுதாமல் விட்டிருந்தால், ஒரு சர்வரில் சரியாகத் தெரிந்த பக்கம் இன்னொன்றில் கிறுக்கலாக மாறும்.

உண்மையான வாடிக்கையாளர் தரவைச் சோதனைக்குக் கொண்டுவராதீர்கள். கொண்டுவந்தே தீர வேண்டுமானால் பெயர், போன் எண், மின்னஞ்சல் மூன்றையும் மாற்றிவிட்டு ஏற்றுங்கள். மின்னஞ்சல் மிக முக்கியம், ஏனென்றால் சோதனைப் பக்கம் ஒரு லூப்பில் சிக்கினால் நூற்றுக்கணக்கான பேருக்கு உங்கள் ஆர்டர் உறுதியானது என்று அஞ்சல் பறந்துவிடும், அதை எந்த ஃபயர்வாலும் நிறுத்தாது. மெயில்பிட் என்ற சின்னக் கருவி 1025-ஆம் போர்ட்டில் அஞ்சல் சர்வர் மாதிரி நடித்து எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும், 8025-இல் பிரவுசரில் திறந்து படிக்கலாம். அதையும் 127.0.0.1-இலேயே ஓட்டுங்கள்.